பிறந்தநாளுக்கு ரயில் ஏறலாம்: கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போய் வருவது எப்படி

என் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். சைக்கிள் கேட்பாள், இல்லாவிட்டால் வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுக் கேக் வெட்ட வேண்டும் என்பாள் என்று நினைத்திருந்தேன். "ரயில்ல போகணும்ப்பா" என்றாள். எங்கே என்று கேட்டதற்கு, "எங்கயாச்சும்" என்றாள்.

அந்த "எங்கயாச்சும்" என்பதை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை. ரயில் கேட்டவளுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட ஒரு பட்டியலே போட்டுவிட்டேன். காலையில் மேட்டுப்பாளையம், இறங்கியதும் நீர் விளையாட்டுப் பூங்கா, மதியம் பெரிய ஓட்டலில் சாப்பாடு, அப்புறம் கோயில், கடைசியில் ஊட்டியிலிருந்து இறங்கி வருகிற மலை ரயிலைப் பார்த்துவிட்டு வீடு. க்ரீம் கேக்கை வேறு பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனோம், பதினோரு மணி வெயிலுக்கே அது குழைந்து பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. பூங்காவிலேயே மணி நாலைத் தாண்டிவிட்டது. அடித்துப் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தபோது மலை ரயில் வந்து, ஆட்கள் இறங்கி, இஞ்சினும் ஷெட்டுக்குப் போய்விட்டது. கேக் போனதற்கு அழாத பிள்ளை அதற்கு அழுதாள்.

அடுத்த வருடம் அதே ஊருக்கு மறுபடியும் போனோம். ரயில், ஆறு, மலை ரயில் இஞ்சின், இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பொழுதோட வீடு திரும்பும்போது என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "இன்னொரு ஸ்டேஷன் இருந்தா நல்லாருக்கும்" என்றாள். அந்த இரண்டாவது பயணத்தையும், அதற்கப்புறம் வீட்டில் மற்றவர்களின் பிறந்தநாளுக்குப் போய் வந்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊராக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் சின்னப் பிள்ளைகள் சலித்துவிடும், பெரியவர்களுக்கு முதுகு வலிக்கும். ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும், ஊருக்கு வெளியே இறங்கி பஸ் தேடி அலைந்தால் பாதிக் காலை போய்விடும். முக்கியமாக, திரும்பி வர ஒன்றுக்கு மேற்பட்ட வண்டி இருக்க வேண்டும். ஒரே ஒரு வண்டியை நம்பிப் போனால் நாள் முழுக்க கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பிறந்தநாள்காரரும் அந்தப் பரபரப்பில் மாட்டிக்கொள்வார்.

கோவைக்காரர்களுக்கு இது மூன்றுக்கும் பொருந்துகிற ஊர் மேட்டுப்பாளையம். சுமார் 36 கிலோமீட்டர், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. முதன்முதலில் சென்னையிலிருந்து மேற்கே போன ரயில் பாதை போத்தனூர் வழியாகப் போய்விட்டது, கோயமுத்தூர் ஊருக்குள் வரவில்லை. 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டபோதுதான் கோவைக்கு ஸ்டேஷன் வந்தது. அதாவது நம் ஊருக்கு ரயில் வந்ததே மேட்டுப்பாளையம் போகிற வழியில்தான். இதைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனால் பிள்ளைகள் ஸ்டேஷனையே வேறு மாதிரி பார்ப்பார்கள்.

நாள்

பிறந்த தேதியிலேயே போக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் விழுந்தால் அடுத்து வரும் சனிக்கிழமை நல்லது. ஞாயிறு என்றால் இந்தத் தடத்தில் எல்லா வண்டியும் ஓடுகிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள், வார நாள் அட்டவணையை நம்பிக் கிளம்ப வேண்டாம். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்று நாளும் வனபத்ரகாளியம்மன் கோயில் பக்கம் கூட்டம் அதிகம், ஆடியில் கேட்கவே வேண்டாம். மாசி மகத்தை ஒட்டிப் பிறந்தநாள் வந்தால் காரமடை ரங்கநாதர் தேர் நோம்பிக் கூட்டம் வண்டியில் ஏறும். எனக்கு அது பிடிக்கும், ஆனால் கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஒரு வாரம் தள்ளிப் போடலாம்.

மழைக்காலத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் மலை ரயிலைச் சில நாளோ, சில வாரமோ நிறுத்திவிடுவார்கள். அந்த இஞ்சினைக் காட்டுகிறேன் என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போய் வெறும் தண்டவாளத்தைக் காட்டுவது போலக் கஷ்டம் வேறு இல்லை. கிளம்புகிற அன்று காலையில் ரயில்வே விசாரணை எண் 139-க்கு அழைத்தோ, வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டுகிற ரயில்வேயின் என்.டி.இ.எஸ். ஆப்பில் பார்த்தோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிக்கெட்

முன்பதிவு எதுவும் கிடையாது. மேட்டுப்பாளையம் பாசஞ்சர் என்றுதான் இன்னும் சொல்கிறோம், இப்போது ஓடுவது மெமு என்கிற மின்சார வண்டி. சாதாரணக் கட்டணம், ஆளுக்கு 10 ரூபாய். ஐந்து வயது நிறையாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் அரை டிக்கெட். போனில் ரயில்வேயின் ரயில்ஒன் ஆப்பில் எடுக்கலாம்.

ஆனாலும் பிறந்தநாளுக்கு மட்டும் கவுன்டரில் நின்று எடுங்கள். பிறந்தநாள்காரர் கையில் காசைக் கொடுத்து அவரையே கேட்கச் சொல்லுங்கள். என் மகள் நுனிக்காலில் நின்று, "மேட்டுப்பாளையம், ரெண்டு ஃபுல், ஒரு ஆஃப்" என்று கேட்டதும் கவுன்டரில் இருந்தவர் எழுந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு டிக்கெட்டை அவள் கையிலேயே கொடுத்தார். அன்று முழுக்க அந்தச் சீட்டை அவள் யாரிடமும் தரவில்லை. பரிசோதகர் வந்தால் காட்டுவதற்கென்று இரண்டு முறை எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டாள், அவர் வரவில்லை என்பதில் கொஞ்சம் வருத்தம் வேறு.

முன்பதிவில்லாத டிக்கெட்டை எடுத்துவிட்டு நேரம் கடத்தக் கூடாது. இந்தத் தூரத்துக்கு எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். அதனால் திரும்பி வருவதற்கான டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்து வைக்காதீர்கள், மேட்டுப்பாளையத்தில் எடுத்துக்கொள்ளலாம். கவுன்டரில் வரிசை நீளமாக இருக்கும் என்பதால் அரை மணி முன்னதாகவே ஸ்டேஷனில் இருங்கள். கோவை ஸ்டேஷனில் எந்த பிளாட்பாரம் என்று பலகையைப் பார்த்துவிட்டுப் படி ஏறுங்கள், தவறான பக்கம் இறங்கிவிட்டு வண்டி கிளம்புகிற நேரத்தில் பெரியவர்களை ஓடவிட வேண்டியதில்லை. கழிப்பறை வேலையையும் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

என்ன எடுத்துக்கொண்டு போவது

கட்டுச்சோறு. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஓட்டல் சாப்பாடு எந்த நாளும் கிடைக்கும், ஆற்றங்கரையில் மர நிழலில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறக்கிற வாசம் கிடைக்காது. எங்கள் வீட்டில் புளிச்சோறும் தயிர்ச்சோறும், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவலும், தேங்காய்த் துவையலும். அரிசியும் பருப்புஞ் சோறு சூடாக இருந்தால்தான் ருசி, அது பயணத்துக்கு ஒத்துவராது, இரவு வீட்டுக்கு வந்து பண்ணிக்கொள்ளலாம். தயிர்ச்சோற்றுக்குப் பாலை அதிகமாக ஊற்றி, தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்தால் மதியத்துக்குள் புளிக்காது. மாதுளை முத்துக்களைத் தனியாக வைத்துச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட வாழை இலை நறுக்கு நாலு, குப்பையைப் போட்டுத் திரும்பக் கொண்டுவர ஒரு பழைய பை. ஆற்றங்கரையில் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது, அந்தத் தண்ணீரைத்தான் கீழே பவானிசாகர் வரைக்கும் எத்தனையோ ஊர்கள் குடிக்கின்றன.

கேக் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியில் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. ரயில் பெட்டியில் நெருப்பு ஆபத்து என்பது மட்டுமில்லை, தீப்பற்றக் கூடிய பொருளை வண்டியில் கொண்டு போவதே தண்டிக்கக் கூடிய குற்றம். நுரை அடிக்கிற ஸ்ப்ரே, காகிதத் துகள் வெடிக்கிற குழாய் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பக்கத்து சீட்டில் கண்ணாடி போட்ட பெரியவர் இருப்பார், மடியில் குழந்தை வைத்திருக்கிற அம்மா இருப்பார், நம்முடைய கொண்டாட்டம் அவர்கள் மேல் போய்த் தெறிக்க வேண்டாம். கேக் வேண்டும் என்றால் க்ரீம் இல்லாத வெறும் பிளம் கேக்கோ வெண்ணெய்க் கேக்கோ வாங்கி வீட்டிலேயே துண்டு போட்டு டப்பாவில் அடுக்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் இரண்டாவது வருடத்திலிருந்து கேக்கையே விட்டுவிட்டோம். முதல் நாள் ராத்திரி என் அம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக் கொடுத்துவிடுவார், சில வருடம் ஒப்புட்டு, அதாவது போளி. கச்சாயம் நசுங்காது, உருகாது, எண்ணெய் வடிந்துவிட்டால் காகிதத்தில் சுற்றிப் பையில் போடலாம். வண்டி துடியலூர் தாண்டியதும் மகள் எழுந்து எதிர் சீட்டு, பக்கத்து சீட்டு எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுப்பாள். முன்பின் தெரியாதவர்கள் தலையில் கை வைத்து, "நல்லா இரு கண்ணு" என்று வாழ்த்துவார்கள். ஒரு முறை பூ விற்கிற அம்மா ஒருவர் கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டு, காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். மண்டபம் பிடித்து நூறு பேரைக் கூப்பிட்டாலும் இந்த மாதிரி வாழ்த்து கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஒன்றே ஒன்று: சாப்பிட ஏதாவது கொடுக்கும்போது பெரியவர்களிடமே கொடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு நேராகக் கொடுக்காமல் கூட வந்தவர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

புதுத்துணி கட்டாயம், ஓரத்தில் மஞ்சள் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போடுவது எங்கள் வழக்கம். ஆனால் பட்டுப் பாவாடை வேண்டாம், நனைந்தாலும் மண் பட்டாலும் பரவாயில்லை என்கிற பருத்தித் துணி எடுங்கள். மாற்றுத்துணி ஒன்று, துண்டு இரண்டு, தண்ணீர், தொப்பி. பொம்மை, புத்தகம், விளையாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம், ஜன்னல் போதும்.

வண்டியில்

ஏறியதும் இடது பக்கம் ஜன்னலைப் பிடியுங்கள். மேட்டுப்பாளையம் போகும்போது மலை எல்லாம் இடது பக்கம், அதாவது மேற்கே. துடியலூர் தாண்டியதிலிருந்து குருடி மலை கூடவே வரும். பெரியநாயக்கன்பாளையம் வந்தால் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் ஊர் இது என்று சொல்லலாம். காரமடை வரும்போது நேர் எதிரே நீலகிரி சுவர் மாதிரி எழுந்து நிற்கும். காலையில் மலை மேல் வெயில் நேராக விழுந்து மடிப்பு மடிப்பாகத் தெரியும், அதனால் போவது எட்டு, ஒன்பது மணி வாக்கில் இருந்தால் நல்லது. திரும்பும்போது வலது பக்கம் உட்காருங்கள், சூரியன் அந்த மலைக்குப் பின்னால்தான் இறங்கும்.

ஒரு அட்டையில் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுங்கள்: கோயமுத்தூர், வடகோவை, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை, மேட்டுப்பாளையம். வண்டி நிற்கிறதோ இல்லையோ மஞ்சள் பலகை கண்ணில் படும். பலகையைப் படித்துவிட்டு டிக் போட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த பிள்ளைக்கு இது என்ன சந்தோஷம் என்று பார்த்தால்தான் தெரியும். கதவுப் பக்கம் மட்டும் நிற்கவிடாதீர்கள், மெமு கதவுகள் அகலம், கூட்டம் ஏறி இறங்கும்போது தள்ளுமுள்ளு இருக்கும்.

இறங்கிய பிறகு

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்ட் நடக்கிற தூரம்தான். அங்கிருந்து தேக்கம்பட்டிப் பக்கம் போகும் பஸ்ஸில் வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகலாம், பெரியவர்கள் இருந்தால் ஆட்டோவில் போகலாம், ஏறும் முன்பே போக வர எவ்வளவு என்று பேசிவிடுங்கள். வழியில் உருளைக்கிழங்கு மண்டிகள் தெரியும், ஊட்டியில் விளைகிற காய்கறி முதலில் வந்து இறங்குகிற ஊர் இது. பாக்குத் தோப்பும் வாழைத் தோட்டமுமாக ஆற்றங்கரை குளுகுளு என்று இருக்கும். பகாசுரனை வதம் செய்யப் போகும் முன் பீமன் இந்த அம்மனைக் கும்பிட்டான் என்பது தல வரலாறு, பிள்ளைகளுக்கு அந்தக் கதையை வண்டி அளவு சோறு சாப்பிட்டதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னால் கோயில் வாசல் வரைக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார்கள். கிடா வெட்டு நடக்கிற கோயில் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றால் கூட்டமில்லாத நாளில் போங்கள்.

பவானி ஆற்றைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது, அதனால் இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மேலே பில்லூர் அணை இருக்கிறது. மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால் கீழே ஆறு திடீரென்று ஏறும், இங்கே மழையே பெய்திருக்காது, வானம் வெளுத்திருக்கும், ஆனாலும் தண்ணீர் வரும். கணுக்கால் அளவு என்று நடு ஆற்றுப் பாறைக்குப் போய் உட்கார்ந்தவர்கள் திரும்பி வர முடியாமல் மாட்டியிருக்கிறார்கள், உயிரும் போயிருக்கிறது. நீச்சல் தெரியும் என்பது இங்கே உதவாது. படித்துறையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற இடத்தில் மட்டும். எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தில் அதுவும் வேண்டாம். கால் நனைத்தாலே பிள்ளைக்குப் போதும், ஒரு மணி நேரம் கூழாங்கல் பொறுக்குவாள்.

நிழலில் கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஒரு துண்டை விரித்துப் படுங்கள். இந்த மதிய நேரத்தை எதைக் கொண்டும் நிரப்ப வேண்டாம். நீர் விளையாட்டுப் பூங்கா போக வேண்டும் என்றால் அதற்கென்று தனி நாள் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் எங்கள் முதல் வருடம் மாதிரி ஆகிவிடும்.

மலை ரயில் இஞ்சின்

அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். ஊட்டியிலிருந்து மதியம் கிளம்புகிற மலை ரயில் ஐந்தரை மணி வாக்கில் மேட்டுப்பாளையம் வந்து சேரும். காலையில் அது கிளம்புவது 7.10-க்கு, அதைப் பார்க்க வேண்டும் என்றால் கோவையிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும், பிறந்தநாள் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்புவது நியாயமில்லை. திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் பிளாட்பாரத்துக்குள் போங்கள், கையில் டிக்கெட் இல்லாமல் உள்ளே நிற்கக் கூடாது.

வண்டி வருவதற்கு முன்பு இதை எல்லாம் சொல்லி வையுங்கள். 1899-இல் குன்னூர் வரைக்கும் பாதை போட்டார்கள், 1908-இல் ஊட்டி வரைக்கும். மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200 மீட்டர். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எண்களைக் கேட்டுப் பிள்ளை கொட்டாவி விட்டால் விட்டுவிடுங்கள், பல் சக்கரத்தைப் பற்றிச் சொன்னால் கட்டாயம் நிமிர்ந்து உட்காருவாள். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் ஏற்றம் அதிகம், வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது, இஞ்சினுக்கு அடியில் இருக்கிற பல் சக்கரம் அதில் மாட்டி மாட்டி ஏறுகிறது, இறங்கும்போதும் அதுவே பிடித்துக்கொள்கிறது. சைக்கிள் செயினையும் பல் சக்கரத்தையும் காட்டிச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

இன்னொன்று, இஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னால் இருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு வரும். அதனால் மாலையில் வரும்போது முதலில் தெரிவது நீராவி இஞ்சின்தான். ஒவ்வொரு பெட்டியிலும் கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார், அவருக்குக் கை காட்டினால் அவரும் காட்டுவார். இந்த இஞ்சின்களில் சிலவற்றைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே கட்டியிருக்கிறார்கள், எண்ணெய் எரித்து ஓடுகிறவை. பிளாட்பாரத்தில் நின்றாலே அதன் சூடு முகத்தில் அடிக்கும். என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் கண்ணை மூடவில்லை.

மலை ரயிலிலேயே ஊட்டிக்குப் போய் வந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஏற மட்டும் ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும், டிக்கெட்டை வெகு நாள் முன்னதாகவே எடுக்க வேண்டும், ஒரே நாளில் திரும்பினால் ஊட்டியில் நிற்கக் கூட நேரம் இருக்காது. அது ஒரு ராத்திரி தங்குகிற பயணம், பிறந்தநாளுக்கு இது போதும்.

இஞ்சினைப் பார்த்த பிறகு கோவைக்கு வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பதற வேண்டாம், பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவைக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது.

பெரியவர்களுக்கு என்றால் கொடுமுடி

போன வருடம் என் அம்மாவின் பிறந்தநாளுக்குக் கொடுமுடி போனோம். அம்மாவின் பிறந்த தேதி என்று சான்றிதழில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்டது. தை மாதம், ரோகிணி என்று அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்லி வைத்தது மட்டும்தான் உண்மை. அதனால் காலண்டரில் தை ரோகிணியைப் பார்த்துப் போனோம். பெரும்பாலும் தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னால் வரும். உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் நட்சத்திரத்தைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள், சொல்கிறவர்கள் இருக்கும்போதே.

ஈரோட்டிலிருந்து கரூர், திருச்சிப் பக்கம் போகிற பாசஞ்சர் கொடுமுடியில் நிற்கும், ஸ்டேஷனிலிருந்து கோயில் பக்கம். கோவை, திருப்பூரிலிருந்து போகிறவர்கள் ஈரோட்டில் வண்டி மாறலாம், நடுவில் அரை மணி நேரமாவது விடுங்கள், பிளாட்பாரம் மாற முட்டி வலிக்காரர்களுக்கு அவ்வளவு வேண்டும். மகுடேசுவரர், வீரநாராயணப் பெருமாள், பிரம்மா மூவரும் ஒரே கோயிலில் இருக்கிறார்கள், பின்னால் பழைய வன்னி மரம், படி இறங்கினால் காவிரி. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலை வண்டியிலேயே போய்விடுங்கள். அமாவாசையில் போகாதீர்கள், அன்றைக்குக் காவிரிக் கரை முழுக்கத் திதி கொடுக்க வந்தவர்கள் இருப்பார்கள், பிறந்தநாளுக்கு அந்தப் படித்துறையில் மனசு ஒட்டாது.

பாடகி கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் இது, அந்தப் பெயரின் முதல் எழுத்தே கொடுமுடிதான். அம்மாவுக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது. வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மெதுவாகப் பாடிக்கொண்டே வந்தார். அம்மா பாடுவார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே பேசிக்கொண்டோம்: அன்று அம்மா சமைக்கக் கூடாது, பை தூக்கக் கூடாது, யாருக்கும் பரிமாறக் கூடாது. தூக்குப்போசியை நானும் என் மனைவியும் தூக்கினோம். அம்மாவுக்குக் கை சும்மா இருப்பது முதலில் சங்கடமாகத்தான் இருந்தது, ஊஞ்சலூர் வரைக்கும் பையை வாங்கப் பார்த்தார். அப்புறம் சன்னமாக, "ஏஞ்சாமி, இப்படி உக்காந்துட்டு வந்து எத்தன வருசமாச்சு" என்றார்.

வயசுப் பிள்ளைகளுக்குப் பாலக்காடு பிடிக்கும், மதுக்கரை தாண்டியதிலிருந்து வாளையார்க் காடு, அந்தப் பக்கம் 1766-இல் ஹைதர் அலி கட்டிய கோட்டை. ஜங்ஷனிலிருந்து கோட்டை கொஞ்ச தூரம் என்பதால் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். பொள்ளாச்சி வழியாகப் பழனிக்கும் போகலாம், தென்னந்தோப்பு நடுவிலேயே வண்டி போகும், ஆனால் படி ஏற வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்காவது வேண்டுதல் இருந்தால் மட்டும் அதை எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒட்டி வைக்கிறோம். மை சீக்கிரம் மங்கிவிடும், முதல் வருடத்துச் சீட்டில் இப்போது ஒன்றும் படிக்க முடியவில்லை. அதனால் ஒட்டிய அன்றைக்கே பக்கத்தில் தேதி, வண்டி, யாருடைய பிறந்தநாள், யார் யார் போனோம், என்ன சாப்பிட்டோம் என்று பேனாவால் எழுதிவிடுங்கள். எழுதுகிற வேலை பிறந்தநாள்காரருடையது.